ஆறு முழமாகிப்போன எட்டு முழக் குளம்

“உம் புருசன் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா, எம் புருசன் கட்டைவிரலு அது பாட்டுக்கு இருந்திருக்கும்.”

“அவரு விரலு மட்டுமா போகுது? பிணைக்கு நின்ன பாவத்துக்கு எங்க வீட்டு விரலும்ல சேர்ந்து போகுது. அதை மட்டும் சொல்ல மாட்டியே.”

நான் உலையை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் சண்டை இவ்வளவு தூரம் முற்றிவிட்டது. முதல் குரல் உச்சிமாகாளியுடையது. குளம் வெட்டுகிற மாசானத்தின் மனைவி. பதினோரு மாதம் மண் சுமந்த கழுத்து. குரலுக்குக் கேட்கவா வேண்டும். இரண்டாவது குரல் என் பக்கத்து வீட்டு நாச்சியாருடையது. அவள் புருஷன் திருமேனிதான் அரண்மனை விகடகவி. அந்த ஆள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருந்தான். மூன்று நாளாக அப்படித்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஊரையே சிரிக்க வைக்கிறவன் மூச்சுவிடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்காத நாள் உண்டா? அந்த மூன்று நாளும் அது பெருமூச்சாகவே கேட்டது.

முன்னொரு காலத்தில் ஒரு மகாராஜா இருந்தார் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. இருந்தார். எங்கள் ஊரில்தான் இருந்தார். அண்டை நாட்டு ராஜா ஏழு முழ ஆழத்தில் குளம் வெட்டியிருக்கிறாராம் என்று யாரோ வேலையற்றவர் அவர் காதில் போட்டுவிட்டார். அன்று சாயங்காலமே நமக்கு எட்டு முழத்தில் ஒன்று வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. எங்களுக்கு அதில் சந்தோஷம்தான். எங்கள் தெருக் கிணறு சித்திரை பிறந்தால் உப்புக் கரிக்கும். பெண்கள் ஆற்றுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தோம். ஆத்திரத்தில் வெட்டினாலும் குளம் குளம்தானே.

வெட்டும் வேலையைத் தம் மைத்துனருக்கு வாங்கித்தர வேண்டும் என்று பிரதானி அனந்தமூர்த்திக்கு ஆசை. மைத்துனர் அதற்கு முன் வெட்டியது தம் வீட்டு எருக்குழி ஒன்றுதான். திருமேனிக்கு வாய் நிற்கவில்லை. சபையில் எழுந்து, மாசானம் என்று ஒருவன் இருக்கிறான், அவன் எட்டு முழம் என்றால் எட்டு முழம்தான், நான் பிணை என்று சொல்லிவிட்டான். எங்கள் நாட்டில் பிணை நிற்பது விளையாட்டல்ல. வேலைக்காரனுக்கு என்ன தண்டனையோ, பிணை நின்றவனுக்கும் அதுவே. பிரதானி அன்றைக்குச் சிரித்த சிரிப்பைப் பார்த்தே இது வினையாகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நாச்சியார் பிற்பாடு சொன்னாள். சிரிப்பை அவள் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டதுதான். இருந்தாலும் தெரிந்திருக்கும்.

மாசானம் குடும்பத்தோடும் நாற்பது ஆட்களோடும் வந்து வெட்டினான். தரைக்குச் சுண்ணாம்புச் சாந்து போட்டு, நட்டநடுவில் கருங்கல்லில் ஒரு தாமரையும் பதித்தார்கள். வறண்ட குளத்துக்குள் கயிற்றை இறக்கித் திருமேனிக்கு அளந்து காட்டினான். எட்டு முழம், கூட நாலு விரற்கடை. வண்டல் படிந்தாலும் எட்டுக்குக் குறையக் கூடாதே என்று நாலு விரற்கடை சேர்த்து வெட்டினானாம். இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் எல்லாம் வரும்.

வேலை முடிந்ததும் மூட்டை கட்டினான். குளம் வெட்டுகிற கூட்டம் ஓர் ஊரில் தண்ணீர் வரும்வரை தங்குவதில்லை. மண்ணை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மாசானம் முப்பது வருஷமாகக் குளம் வெட்டுகிறான், தான் வெட்டிய குளம் ஒன்றை நிறைந்து பார்த்ததே இல்லை. பிரதானி அவனைப் போகவிடவில்லை. மகாராஜா வந்து பார்க்கட்டும், சால்வை போடுவார் என்று தேன் ஒழுகச் சொல்லி நிறுத்திவைத்தார். வழக்கமாக ராஜா பார்த்த பிறகுதான் மடையைத் திறப்பார்கள். இந்தத் தடவை நாள் நன்றாக இருக்கிறது என்று பிரதானி முந்திக்கொண்டு திறந்துவிட்டார். பத்து நாளில் குளம் நிறைந்து, தண்ணீர் தெளிந்து, அடியில் கருந்தாமரை பளிச்சென்று தெரிந்தது.

இப்போது மகாராஜாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாந்து ஒரு தென்னையைப் பார்த்து இத்தனை முழம் என்பார். ஏறி அளந்தால் ஒரு சாண் பிசகாது. நான் கேலிக்குச் சொல்லவில்லை. எங்கள் கொல்லைத் தென்னையையே ஒரு தடவை அப்படி அளந்திருக்கிறார். அவர் பாட்டனார் காலத்திலிருந்தே அந்த வழக்கம் உண்டு. வரப்புத் தகராறு, சுவர்த் தகராறு என்று வந்தால் ராஜா நேரில் போய்ப் பார்த்து அளவு சொல்வார். உடனே கட்டியங்காரன் “கண்டருளினார்” என்று மூன்று தடவை கூவுவான். கூவிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அங்கே கயிறு போடக் கூடாது, கோல் வைக்கக் கூடாது. ராஜாவின் பார்வை பிசகு என்று எவனாவது சொன்னால் நாக்கை அறுத்துவிடுவார்கள்.

மகாராஜா வந்தார். குளத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்த கல்மேடையில் நின்று குனிந்து தாமரையைப் பார்த்தார். “ஆறு முழம்” என்றார். கட்டியங்காரன் மூன்று தடவை கூவினான்.

குடம் தவறிய கிணற்றில் எட்டிப் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்த சங்கதிதான். தண்ணீருக்கு அடியில் கிடப்பது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் மேலே வந்து ஆசை காட்டும். கயிற்றை விட்டால் போய்க்கொண்டே இருக்கும். கண்ணுக்கு மூன்று முழம் என்றால் கயிறு நாலு முழம் விட வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒரு கணக்கே உண்டு. மகாராஜா குடத்தைத் தவறவிட்டவர் அல்லர். அப்படியே விட்டாலும் எடுத்துத்தர ஆயிரம் பேர். பிறகு நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்கிருக்கிற ஒரே சொத்து நாக்கு.

எட்டு சொல்லி ஆறு வெட்டியது ராஜதுரோகம் என்று தீர்ப்பானது. மண்வெட்டி பிடிக்கிற வலது கட்டைவிரலை எடுக்க வேண்டும். பிணைக்காரனுக்கும் அப்படியே. எட்டாம் நாள் மகாராஜா அந்தக் குளத்தில் முதல் முழுக்குப் போடும்போது, படித்துறையிலேயே, எல்லோரும் பார்க்க. அதுவரை மாசானத்தின் வலக்கையை ஒரு கட்டையில் மாட்டிப் பூட்டிவைத்தார்கள். பெண்ணுக்கு வந்த கதி தெரியுமா? அவன் மகள் வடிவுக்கு அடுத்த மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மறுநாளே வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தட்டு மட்டும்தான் வந்தது; மேலே வைத்து அனுப்பிய பழத்தை யார் தின்றார்களோ.

திருமேனி சும்மா இருக்கவில்லை. முதல் நாள் சபையில் ஒரு வேடிக்கை சொன்னான். மகாராஜா சிரிக்கவில்லை. இரண்டாம் நாள் குரங்குபோல் நடந்து காட்டினான். பிரதானி மட்டும் சிரித்தார். மூன்றாம் நாள் காலில் விழுந்தான். விகடகவி அழுதால் அதுவும் விகடம் என்றே நினைப்பார்கள் போலிருக்கிறது, சபையே கைதட்டியது. நாலாம் நாள் சிறைக்குப் போய் மாசானத்தைப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன்தான் சுவரைப் பார்த்துப் படுத்தான். அங்கே நடந்ததை அவன் நாச்சியாரிடம் சொன்னபோது செங்கல்லுக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாசானம் அழவில்லையாம், யாரையும் திட்டவில்லையாம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னானாம்: “எனக்கும் ஆறுதான் தெரிஞ்சுது ஐயா. நல்லா குனிஞ்சு பாத்தேன். ஆறுக்கு மேல இல்ல. நான்தான் எங்கயோ தப்பா அளந்துட்டேன். இந்தக் குளம் மட்டுந்தானா, முப்பது வருசமா வெட்டினது எல்லாமே இப்படித்தானோ என்னமோ. விரலை எடுக்கட்டும் ஐயா. தப்பு பண்ணின விரலுதானே.”

விரலைவிட அவனுக்கு மனசு போய்விட்டது என்று சொல்லித் திருமேனி படுத்தான். குளத்தில் தண்ணீரே பார்க்காதவனுக்குத் தண்ணீர் செய்கிற வேலை எப்படித் தெரியும்? உண்மை தெரிந்த எங்களால் பேச முடியாது. பேச வேண்டியவனோ தான்தான் குற்றவாளி என்று நம்பிவிட்டான்.

இதெல்லாம் நடந்து ஏழாம் நாள் காலையில்தான் அந்த வாசல் சண்டை. விடிந்தால் விரல் போகும். உச்சிமாகாளி வைது தீர்த்துவிட்டு, நாச்சியார் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினாள். அது நாச்சியாரின் பிறந்த வீட்டுச் சீர். அப்படியே எங்கள் பொதுக் கிணற்றில் வீசிவிட்டாள். கிணற்றுக்குள் தொபுக்கென்று விழுந்த சத்தம் வந்ததும் மூன்று பேரும் கிணற்றை எட்டிப் பார்த்தோம். அப்புறம் உச்சிமாகாளி கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நாச்சியார் அவளை வைதுகொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள்.

தெருவுக்கே பாதாளக்கரண்டி என் வீட்டில்தான் உண்டு. கிணற்றில் விழுந்த பாத்திரத்தைக் கொக்கி போட்டுத் தூக்குகிற இரும்பு. அதைக் கயிற்றில் கட்டி எடுத்துவந்தேன். செம்பு அடியில் மினுங்கியது. நாச்சியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை விட்டாள். கரண்டி செம்புக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது.

“மூணு முழந்தான் தெரியுதுன்னு மூணு முழமா விடுதே? இன்னொரு முழம் விடு தாயி” என்று நான் கத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் திருமேனி வந்து நிற்கிறான். மூன்று நாள் தாடி, சிவந்த கண். கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். கொக்கி மாட்டி, செம்பு மேலே வந்து, நாச்சியார் அதன் நசுங்கலைத் தடவிப் பார்க்கும்வரை அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “மதினி, நாளைக்கு மகாராஜா எந்தப் படி வரைக்கும் இறங்குவாரு?” என்று கேட்டான். யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் என்றேன். சோறு இருக்கிறதா என்று நாச்சியாரிடம் கேட்டான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னான்: “ரொம்ப நம்பிராதே. பலிக்கலைன்னா விரலோட நாக்கும் போகும். அதான் இன்னைக்கே ருசி பாத்துக்கிடுதேன்.”

எட்டாம் நாள் ஊரே படித்துறையில் நின்றது. மேல்படியில் ஒரு மரக்கட்டை, அதன்மேல் ஓர் உளி. பக்கத்தில் மாசானம், பூட்டிய கையோடு, எங்கேயும் பார்க்காமல். அவனுக்குப் பின்னால் உச்சிமாகாளியும் வடிவும். பிரதானி புதுப்பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார். மகாராஜா மந்திரம் முழங்கப் படிப்படியாக இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

திருமேனி படியில் விழுந்து ஓவென்று அழுதான். நல்ல காரியம் நடக்கும்போது என்ன இது என்று மகாராஜாவுக்குக் கோபம்.

“திருமேனி, ஒரு விரலுக்கா இவ்வளவு அழுகை?”

“என் விரல் கிடக்கட்டும், மகாராஜா. நாளை முதல் இந்த நாட்டுக்கு அரசர் இல்லையே என்று அழுகிறேன்.”

“என்ன உளறுகிறாய்?”

“அடியேன் கண்ணுக்கு என்ன மதிப்பு? தாங்களே திருக்கண் சாத்திப் பார்க்க வேண்டும். இடுப்பிலிருந்து பாதம்வரை தங்கள் கால் எத்தனை முழம்?”

அளவு கேட்டால் மகாராஜாவால் சும்மா இருக்க முடியாது. அது அவருக்கு வெற்றிலை மாதிரி. குனிந்து பார்த்தார். தண்ணீருக்குள் தம் கால்கள் தட்டையாக, குள்ளமாக நிற்பதைப் பார்த்தார். யோசிக்காமல் “ஒன்றரை முழம்” என்றார்.

ராஜா அளவு சொன்னால் கூவ வேண்டும். கட்டியங்காரனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். “கண்டருளினார், கண்டருளினார், கண்டருளினார்” என்று கூவிவிட்டான்.

அப்புறம் திருமேனி எழுந்து, கூட்டத்தில் நின்ற அரண்மனைத் தையற்காரரை முன்னால் வரச் சொன்னான். அந்த மனுஷர், போன மாதம் தைத்தபோது மகாராஜாவின் கால் இடுப்பிலிருந்து இரண்டு முழம் இருந்தது என்றார்.

“இரண்டு முழம் ஒன்றரையாகிவிட்டது” என்றான் திருமேனி. “கூவியும் ஆயிற்று. இனி அதன்மேல் கயிறு போடக் கூடாது. கரையேறினால் முழுதாகத் தெரியலாம். ஆனால் திருக்கண் கண்டது கண்டதுதான். அங்கம் குறைந்தவர் சிம்மாசனம் ஏறக் கூடாது என்பதும் தங்கள் பாட்டனார் விதித்ததுதானே, மகாராஜா.”

பிறகு பிரதானியைப் பார்த்து மிகவும் பணிவாகக் கேட்டான்: “பிரபு, தங்கள் கண்ணுக்கும் ஒன்றரை முழம்தானே?”

ஆம் என்றால் ராஜா முடமாகிவிட்டார். இல்லை என்றால் ராஜாவின் பார்வை பிசகிவிட்டது. பிரதானிக்கு இருமல் வந்தது. அப்படி ஓர் இருமலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

மகாராஜா மறுபடி குனிந்து தண்ணீருக்குள் தம் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அப்படியென்றால் என் கண் பிசகியதா, திருமேனி?” என்றார்.

தண்டனைக்கு நின்ற சேவகன் உளியை எடுத்துக் கையில் பிடித்தான். நாக்குக்கா விரலுக்கா என்று அவனுக்கே தெரியவில்லை. நாச்சியார் என் கையை இறுக்கிய தழும்பு இன்னும் இருக்கிறது.

“தங்கள் கண் பிசகவே இல்லை, மகாராஜா. தண்ணீர் எதைக் காட்டியதோ அதை ஒரு சாண் மாறாமல் கண்டது. பொய்ச் சாட்சி சொன்னது தண்ணீர். தங்கள் காலில் இரண்டு முழத்தை ஒன்றரை என்றது. குளத்தில் எட்டு முழத்தை ஆறு என்றது. இரண்டு இடத்திலும் நாலில் ஒரு பங்குதான் களவு போயிருக்கிறது. ஒரே கள்ளன், ஒரே கை. அவனை விட்டுவிட்டு மாசானத்தின் விரலை எடுத்தால், நாளைக்கு அவன் தங்கள் இடுப்புக்கு மேலேயும் வருவான்.”

மகாராஜா ஒரு காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார். முழுக்கால். உள்ளே விட்டார். குட்டைக்கால். மறுபடி தூக்கினார். இப்படி ஏழெட்டுத் தடவை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். ராஜா சிரித்தபிறகு ஊர் சிரிக்காமல் இருக்குமா? உச்சிமாகாளி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஓடிப்போய்க் காவல்காரனிடம் சாவியைப் பிடுங்கி மாசானத்தின் கையைக் கட்டையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள்.

பொய்ச் சாட்சி சொன்ன தண்ணீரை நாடு கடத்த வேண்டும் என்று உத்தரவானது. ராஜா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தானே இன்னொரு தடவை சிரித்தார். மூன்று நாள் இறைத்தார்கள். இறைப்பை மேற்பார்வை செய்தவர் பிரதானி, புதுப்பட்டோடு. கண்டருளியது தண்ணீர் காட்டிய அளவைத்தானே, தண்ணீர் போனபின் கயிறு போடத் தடை இல்லையே. போட்டார்கள். எட்டு முழம், நாலு விரற்கடை. திருமேனிக்குக் கழுத்து நிறைய ஆரம், தோளில் சால்வை, அரண்மனைத் தெருவில் வீடு. மாசானத்துக்கும் ஒரு சால்வை.

அவன் அதை வாங்கிக்கொண்டு காய்ந்த குளத்துக்குள் இறங்கினான். சொந்தக் கயிற்றை எடுத்து மூன்று தடவை அளந்தான். சரியாகத்தான் இருந்தது. மேலேறி எங்கள் தெருவுக்கு வந்து, கிணற்றை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். “இத்தனை வருசமும் இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு” என்றான். எங்களைப் பார்த்து அல்ல, கிணற்றைப் பார்த்து. பதில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. எட்டு நாள் கட்டையில் கிடந்த கை பிறகு மண்வெட்டியை இறுக்கிப் பிடிக்கவே இல்லை. வைத்தியர் நரம்பு என்றார். எனக்கென்னவோ நரம்பு என்று தோன்றவில்லை.

அடுத்த மழைக்கு மடையைத் திறக்கலாமா என்று மடைகாவல்காரன் கேட்டான். நாடு கடத்திய தண்ணீரைத் திரும்பக் கூப்பிட ராஜா ஆணை வேண்டும். ராஜாவோ வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அந்த வெறுங்குளத்தைக் காட்டி, கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்க யார் போவது? திருமேனி இரண்டு தடவை கேட்டான். ராஜா இரண்டு தடவையும் அது புது விகடம் என்று நினைத்துச் சிரித்து மோதிரம் கொடுத்தார். குளம் இன்றும் காய்ந்துதான் கிடக்கிறது. சித்திரையில் நாங்கள் ஆற்றுக்குத்தான் நடக்கிறோம்.

பிரதானியின் மைத்துனர் வேறு குளம் தேடி மேற்கே எங்கோ போய்விட்டார். நாச்சியார் அரண்மனைத் தெருவுக்குக் குடிபோகும்போது என் பாதாளக்கரண்டியையும் சாமான்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். கேட்டால், ஞாபகமாக இருக்கட்டும் என்கிறாள். வடிவை வேண்டாம் என்ற மாப்பிள்ளை வீட்டார் புதுத் தட்டோடு வந்தார்கள். உச்சிமாகாளி பழத்தை எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பி அனுப்பினாள். வடிவைக் கட்டிக்கொண்டவன் அந்தக் கட்டியங்காரன்தான். தெரியாமல் கூவியதற்காக அவனை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். மாசானம் குடும்பத்தார் மாப்பிள்ளையோடு கிழக்கே மணற்பாங்கான ஓர் ஊருக்குப் போய்விட்டார்கள். வடிவுக்கு இரண்டு பிள்ளைகளாம். மூத்தவனுக்கு அப்பன் தொண்டையாம், நாலு தெருவுக்குக் கேட்குமாம். மாசானம் மட்டும் அந்த ஊர்க் கிணற்றடிக்குப் போவதில்லையாம். தாகம் எடுத்தால் யாராவது மொண்டுவந்து கொடுக்க வேண்டுமாம்.